அறுபதுக்குப் பிறகு புரதம்

மனித உடலில் உள்ள புரதங்களில் பெரும்பாலானவை நிலையாக இருப்பதில்லை. தசை, குடலின் உட்சுவர், இரத்தத்திலுள்ள அல்புமின், செரிமான நொதிகள் எல்லாம் ஒரு பக்கம் உடைந்துகொண்டும் மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. பிறந்தது முதல் மாறாமலே இருந்துவிடும் கண் வில்லையின் புரதம் போன்றவை விதிவிலக்கு. நல்ல உடல்நிலையிலுள்ள ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் இப்படி உடைந்து உருவாகிறது. அவர் சாப்பிடுவதோ அதில் கால் பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்கு. மீதியை, உடைந்த புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைத் திரும்ப எடுத்து உடலே ஈடுகட்டிக்கொள்கிறது.

இது தெரியவந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. வளர்ந்து முடித்த உடல் மாறாமல் அப்படியே இருக்கும், தேய்மானத்துக்கு மட்டும் கொஞ்சம் புரதம் போதும், சாப்பிடும் மற்றதெல்லாம் எரிந்து வெளியேறிவிடும் என்பதுதான் 1930கள் வரை பலரும் நம்பியது. ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜனால் அடையாளமிட்ட அமினோ அமிலத்தை எலிகளுக்கு உணவில் கொடுத்துப் பார்த்தார். அது சிறுநீரில் வந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பாதிக்கு மேல் எலிகளின் உடல் புரதத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தது. வளர்ந்து முடித்த எலியும் தன்னைத் தானே ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது என்பது அன்று உறுதியாயிற்று.

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். வரும் புரதத்தைச் சேர்த்துவைக்க உடலில் தனி இடம் கிடையாது. கூடுதல் கொழுப்பு தோலுக்கடியிலும் வயிற்றிலும் சேரும். மாவுச்சத்து ஓரளவுக்குக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் தங்கும். கூடுதலாக வந்த அமினோ அமிலம் மட்டும் அன்றன்றைக்கே கழிக்கப்பட வேண்டும். அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. இந்தச் சுழற்சியை 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் கண்டறிந்தனர். எஞ்சும் கரிமப் பகுதி எரிபொருளாகிறது அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு வியாழக்கிழமைக்குக் கைகொடுக்காது.

வரவு குறைந்தால் உடல் கைவைக்கும் இடம் தசை. காய்ச்சல், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பட்டினி ஆகிய எல்லா நேரங்களிலும் தசையை உடைத்து அமினோ அமிலத்தை எடுத்து, நோய் எதிர்ப்புப் புரதங்களுக்கும் காயம் ஆறுவதற்கும் மூளைக்குத் தேவையான சர்க்கரைக்கும் உடல் பயன்படுத்துகிறது. இருபது வயதில் ஒரு டைபாய்டு வந்து போனால் இழந்த தசை இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். எழுபது வயதில் இழந்தது பெரும்பாலும் இழந்ததுதான். முதுமையையும் புரதத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

உணவைச் செரித்து, உறிஞ்சி, பயன்படுத்தவே உடலுக்குக் கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. கொழுப்புக்கு அந்தச் செலவு அதன் கலோரியில் 3 சதவீதத்துக்குள். மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம். புரதத்துக்கு 20 முதல் 30 சதவீதம். 100 கலோரி அளவுக்குப் புரதம் சாப்பிட்டால் அதில் கால்வாசி அதைக் கையாளுவதிலேயே போய்விடுகிறது. உடல் எடை குறைக்க விரும்புவோருக்குப் புரதம் பரிந்துரைக்கப்படுவதன் ஒரு காரணம் இது. பசி அடங்குவது இன்னொன்று. ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் 2005இல் முன்வைத்த கருத்துப்படி, உடல் தனக்கு வேண்டிய அளவு புரதம் கிடைக்கும்வரை பசியை விடுவதில்லை. தட்டில் புரதத்தின் விகிதம் குறைந்தால், அந்த அளவை எட்டுவதற்காகவே மனிதர் சோற்றையும் எண்ணெயையும் கூடுதலாக உள்ளே தள்ளுகிறார். முதலில் பூச்சிகளிடம் கண்ட இந்தப் போக்கு மனிதரிடமும் ஓரளவு தெரிகிறது. ஆனால் ஊதிப்போன உடலுக்கெல்லாம் இது ஒன்றே விளக்கம் என்று சொல்வது மிகை.

சர்க்கரை நோயோடு புரதத்துக்குள்ள தொடர்பு தசை வழியாக வருகிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை இன்சுலினின் தூண்டுதலால் உள்வாங்கிக்கொள்ளும் உறுப்புகளில் முதலிடம் தசைக்கு. தசை சுருங்கினால் அந்தக் குளுக்கோஸுக்குப் போக்கிடம் குறைகிறது. இந்தியர்களுக்குப் பொதுவாகவே இது ஒரு பலவீனம். ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதைப் புனே மருத்துவர் யாஜ்னிக் பிறந்த குழந்தைகளிடமே காட்டியிருக்கிறார். ஒல்லியாக இருந்தும் சர்க்கரை நோய் வருவதன் புதிரில் ஒரு பாதி இங்கே அவிழ்கிறது.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திவரும் இண்டியாப் ஆய்வு நாடு முழுவதையும் தழுவியது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதம் அளவே என்பது 2025இல் அந்த ஆய்வு வெளியிட்ட கணக்கு. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்துப் பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்தைச் சேர்த்தால் சர்க்கரை நோய் அபாயம் குறையும் என்று அந்தக் கணக்கு காட்டியது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதில் அந்தப் பலன் தெரியவில்லை. வரகரிசிப் பொங்கலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியடைபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இதே குழு 2022இல், 18,090 பேரின் தரவுகளைக் கொண்டு கணித முறையில் கணித்தபோது, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களுக்கு அது தணிய, கலோரியில் புரதம் 19 முதல் 20 சதவீதமாகவும் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமாகவும் இருக்க வேண்டும் என்று வந்தது. கணித்துச் சொன்ன இலக்குதான்; அந்த உணவைக் கொடுத்துப் பார்த்துச் சொன்னதன்று.

இவ்வளவு நன்மை உடைய புரதத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. கதை பசிபிக் பெருங்கடலில் தொடங்குகிறது. ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவுக்கு 1964இல் சென்ற கனடா மருத்துவக் குழுவினர் மண் மாதிரிகளை எடுத்து வந்தனர். மாண்ட்ரியலில் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு, அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தீவின் பெயரையே ஒட்டி ராப்பாமைசின் என்று பெயரிட்டது. முதலில் பூஞ்சைக் கொல்லியாகக் கருதப்பட்ட அது, பின்னர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான மருந்தாயிற்று. செல்லுக்குள் அது எதைத் தடுக்கிறது என்று தேடியபோது அகப்பட்டதுதான் எம்டார் என்ற புரதம். மனித வயதில் அறுபதுக்கு ஒப்பான 600 நாள் வயதில் ராப்பாமைசின் கொடுக்கத் தொடங்கிய எலிகளும் மற்ற எலிகளைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தன என்று 2009இல் அமெரிக்க ஆய்வகங்கள் அறிவித்தன.

எம்டாரின் வேலை, செல்லைச் சுற்றி அமினோ அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பது. குறிப்பாக லியூசின் என்ற அமினோ அமிலம் நிறைய வந்தால் எம்டார் விழித்துக்கொண்டு, கட்டுமானத்தைத் தொடங்கச் சொல்கிறது. அதே வேளையில், செல் தன் பழுதடைந்த பாகங்களைத் தானே செரித்துச் சுத்தம் செய்யும் பணியை நிறுத்திவைக்கிறது. இந்தச் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காகவே ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதம் மிகுந்த உணவு ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகிறது. குழந்தை வளர அது வேண்டும். வளர்ந்து முடித்த உடலில் ஓயாமல் ஒலிக்கும் ‘வளர்’ என்ற கட்டளை, புற்று செல்லுக்கும் சேர்த்தே கேட்கிறது. ஈக்வடார் நாட்டின் தென்பகுதியில் லாரான் குறைபாடு உள்ள குள்ள மனிதர்கள் வாழ்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனை ஏற்க இயலாததால் அவர்கள் உடலில் ஐ.ஜி.எஃப்.-1 மிகக் குறைவு. அவர்களிடம் புற்றுநோயும் சர்க்கரை நோயும் அபூர்வமாகவே காணப்படுகின்றன என்று ஹைமே கெவாரா-அகிர்ரேயும் வால்ட்டர் லாங்கோவும் 2011இல் எழுதினர்.

எலிகளிடம் சான்று இன்னும் அழுத்தமானது. மெத்தியோனின் என்ற ஒரே அமினோ அமிலத்தைக் குறைத்த எலிகள் 30 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன என்று 1993இலேயே தெரியவந்தது. ஐசோலியூசினைக் குறைத்தபோது ஆண் சுண்டெலிகளின் ஆயுள் 33 சதவீதம் கூடியது என்று 2023இல் விஸ்கான்சினில் டட்லி லாமிங்கின் குழு கண்டது. பெண் சுண்டெலிகளுக்குக் கூடியது 7 சதவீதம்தான். ஆனால் கூண்டில் வளரும் எலி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில்லை. நிமோனியாவோடு மருத்துவமனையில் படுப்பதும் இல்லை. ஆயுளின் கடைசிப் பத்தாண்டில் மனிதரைச் சாய்ப்பவற்றில் இவையும் முக்கியமானவை.

மனிதரிடம் செய்த ஆய்வு ஒன்று இரு பக்கங்களையும் ஒருசேரக் காட்டியது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 6,381 பேரின் உணவையும் மரணத்தையும் ஆராய்ந்து லாங்கோவின் குழு 2014இல் வெளியிட்டது அது. 50 முதல் 65 வயதுக்குள், கலோரியில் 20 சதவீதத்துக்கு மேல் புரதத்தால் பெற்றவர்களின் மரண அபாயம், 10 சதவீதத்துக்குக் கீழ் பெற்றவர்களைவிட 75 சதவீதம் அதிகம். புற்றுநோய் மரணம் நான்கு மடங்கு. 65ஐத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகியது: புரதம் அதிகம் உண்டவர்களே குறைவாக இறந்தனர். தாவரப் புரதம் உண்டவர்களிடம் நடுவயது அபாயம் பெரும்பாலும் மறைந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாளில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அந்த எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் திசை உயிரியலோடு ஒத்துப்போகிறது. ஐம்பதில் தட்டு நிறைய ஆட்டிறைச்சி வைத்துக்கொண்டு, எழுபதில் கஞ்சிக்கு இறங்குவது நம்மிடம் சாதாரணமாக நடப்பது. உடலுக்கு வேண்டிய வரிசை ஏறத்தாழ இதற்கு நேரெதிர்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது; அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட வலு இன்னும் வேகமாகப் போகும். 1980களின் இறுதியில் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க் இதற்குச் சார்க்கோபீனியா என்று பெயர் வைக்கும்வரை, வயதானால் இப்படித்தான் என்று மருத்துவம் விட்டுவைத்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியாமை, ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமை, தெருவைக் கடக்கும்போது நடை தளர்வது ஆகியவை அதன் ஆரம்ப அடையாளங்கள். எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை அப்படியே இருக்கும்.

வயதான தசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வேளை உணவில் கிலோ எடைக்கு 0.24 கிராம் புரதம் வந்தாலே இளைஞரின் தசை முழு அளவில் கட்டத் தொடங்கிவிடும். முதியவரின் தசைக்கு அதே தூண்டுதல் கிடைக்க 0.4 கிராம் வேண்டியிருக்கிறது. எம்டார் மந்தமாகிவிடுகிறது என்று சொல்லலாம். இதனால்தான் 2013இல் பல நாட்டு முதியோர் மருத்துவ வல்லுநர்கள் கூடி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும், நோயுற்றிருந்தால் 1.2 முதல் 1.5 கிராம் வரையும் வேண்டும் என்று பரிந்துரைத்தனர். பொதுவாகப் பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நிர்ணயித்த அளவு 0.83 கிராம். அதுவும் தரமான புரதமாக இருந்தால்தான். தானியத்தையே நம்பிய உணவென்றால் 1 கிராம்.

60 கிலோ எடையுள்ள ஒரு முதியவரின் நாளை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். காலையில் மூன்று இட்லியும் கொஞ்சம் சாம்பாரும்: சுமார் 7 கிராம் புரதம். மதியம் 100 கிராம் அரிசியைச் சமைத்த சோற்றில் 8 கிராம், குழம்பிலும் கூட்டிலும் சேரும் 20 கிராம் பருப்பில் நாலரை, மோரில் 2. இரு வேளைக் காபிப் பாலில் 5. இரவு இரண்டு தோசைக்கு நாலரை. மொத்தம் 31 கிராம். தேவை 60 முதல் 72 வரை. பாதி வருகிறது, அதிலும் ஏறத்தாழப் பாதி அரிசியின் புரதம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் பல வீடுகளில் கண்ணை மறைக்கிறது. கரண்டியில் வருவது பெரும்பாலும் புளித்தண்ணீர். செவ்வாய், வெள்ளி, சனி, புரட்டாசி என்று அசைவம் தள்ளிப்போவதும், பல் போனதும் கடலையும் கறியும் விலகுவதும், துணையை இழந்தவர் தனக்காக மட்டும் அடுப்பு மூட்டச் சலித்துக்கொள்வதும் சேர்ந்து அந்த 31ஐயும் குறைக்கும்.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பிலும் பயறிலும் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் வந்தால் போதும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது ஊட்டச்சத்தியலார் சொல்லும் விகிதம். இட்லி மாவு இதற்குப் பக்கத்தில் வரும். அடை இதைத் தாண்டும், ஆகவே இரவுத் தோசையை அடையாக்குவதே ஒரு நல்ல மாற்றம். இரண்டு முட்டையில் 13 கிராம், 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 6, 100 கிராம் மீனில் 18 முதல் 20, உலர்ந்த 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் கிடைக்கும். பல் இல்லாதவருக்குப் பொட்டுக்கடலை மாவைக் கஞ்சியில் கரைக்கலாம்; முட்டைப் பொடிமாஸும் குழைய வெந்த பாசிப்பயறும் உண்டு. பருப்பு சாப்பிட்டால் வாயு என்று ஒதுக்குபவர்களுக்கு ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும், மெதுவாக அளவைக் கூட்டுவதும் பெரும்பாலும் உதவும். ஜப்பானில் 70,696 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், தாவரப் புரதம் அதிகம் உண்டவர்களிடம் மரண விகிதம் குறைவாக இருந்தது. சைவர்கள் கவலைப்பட வேண்டியது புரதத்தின் வகையைப் பற்றி அவ்வளவாக இல்லை, அளவைப் பற்றித்தான்.

மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்து உண்ண வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு வேளைக்கு 25, 30 கிராமுக்கு மேல் உண்டால் வீண் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இளைஞர்களுக்கு ஒரே வேளையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்தபோது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் உடல் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் 7 கிராமோடு முடியும் காலை உணவு முதியவரின் தசையை எழுப்பாது என்பது எந்தக் கணக்கிலும் மாறவில்லை.

புரதம் மட்டும் தசையைக் கட்டிவிடாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் கிலோவுக்கு 1.3 கிராமும் மற்றவர்களுக்கு 0.8 கிராமும் கொடுத்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. கூடுதலாக உண்டவர்களுக்குத் தசை கூடவில்லை. பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன், சராசரி வயது 87 ஆன முதியோர் இல்லவாசிகள் நூறு பேரிடம் செய்து 1994இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. பத்து வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் வலு இரு மடங்குக்கு மேல் ஆனது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது அமினோ அமிலத்தைக் கேட்டு வாங்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, தொடைத் தசையை அது பெரிதாகக் கட்டாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வது, படியேறுவது, மணல் மூட்டையோ தண்ணீர்க் குடமோ தூக்குவது போன்றவையே எழுபது வயதுக்கான எடைப் பயிற்சி. இதற்கு மறுபக்கம் படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போனது என்று 2007இல் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல்காரருக்குப் பத்து நாளும் அரிசிக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கம், இளம் வயதில் தீங்கில்லாமல் போகலாம்; முதுமையில் அப்படிப் போகாது.

டப்பாவில் வரும் புரதப் பொடியை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. மென்று விழுங்க இயலாதவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம்.

சிறுநீரகம் கெடும் என்ற அச்சம் அரை உண்மை. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகத்தை மேலே சொன்ன அளவுகள் பழுதாக்குவதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதிகப் புரதம் சுமைதான். அத்தகையோருக்கு, டயாலிசிஸ் தொடங்காதவரை, கிலோவுக்கு 0.8 கிராம் அளவோடு நிற்கும்படி பன்னாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. டயாலிசிஸ் தொடங்கியபின் தேவை மறுபடி கூடுகிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலமும் சேர்ந்து கழுவிச் செல்லப்படுகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர் புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அதிலும் ஒரு பொறி உண்டு. வழக்கமாகப் பார்க்கப்படும் கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவது. தசை வற்றிய முதியவருக்கு, சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் அளவு சரியாகவே காட்டக்கூடும். மெலிந்த உடலுள்ளவர்களுக்குச் சிறுநீரில் அல்புமின் சோதனையையும், தசையின் அளவைச் சாராத சிஸ்டாட்டின் சி சோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.